பல்லடத்து லென்ஸும் ஆயிரம் லேபிளும்

காதர்பேட்டை, திருப்பூர்.
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் வாசிம் அவர்களுக்கு, உங்கள் அக்கா சைதுன்னிசாவின் கணவன் ராஜா முகமது சொல்லும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உங்கள் அக்கா, மகன் முபாஷிர், மருமகள், பேத்தி மஹ்னூர், மகள் ஷாஸியா எல்லோரும் நலம். மஹ்னூருக்குக் கீழே இரண்டு பல் முளைத்து, என் விரலில் ஒருமுறை சோதித்தும் பார்த்துவிட்டாள். ஷார்ஜாவில் நீங்கள் நலமாகவும் உங்கள் இடுப்புவலி நலிந்தும் இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உங்கள் அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். எழுதி முடித்ததும் ஷாஸியாவிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்வேன்.

உங்கள் அறைத் தோழர் ஊருக்கு வந்தபோது கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் பால் பவுடர் டப்பாவும் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. நானேதான் கையில் வாங்கினேன். டப்பாவில் நானூறு கிராம் என்று போட்டிருக்கிறது. என் கைக்கு எழுநூறுக்குக் குறையாது. அரபு நாட்டில் அளவு தாராளம்தான் மச்சான். ஆனால் இன்றுவரை அந்தப் பவுடரில் எனக்கு ஒரு டீ வரவில்லை. கேட்டால் உங்கள் அக்கா, "அது பாப்பாவுக்குங்க" என்கிறாள். பாப்பாவைக் கேட்டால் சிரிக்கிறாள். இது நிற்க.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் விடுமுறையில் வரும்போது ஷாஸியாவின் கேமராவுக்குக் கம்பெனி லென்ஸ் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காசில் இடுப்புக்கு நல்ல பெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கேமராவுக்கு வேறு கம்பெனி லென்ஸ் சேராது என்று படித்தவர்களும் பரப்புகிறார்கள், படிக்காதவர்களும் பரப்புகிறார்கள். சேரும். சேர்த்துக் காட்டியவன் எழுதுகிறேன். எப்படி என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

ரமலானுக்கு நீங்கள் வந்தபோது ஷாஸியாவுக்குக் கொடுத்த கேமரா வெறும் பாடி, லென்ஸ் கிடையாது. கையும் கழுத்தும் வைக்காத பனியன் மாதிரி. அதைக் கொடுக்கும்போதே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், இதுக்கு அதே கம்பெனி லென்ஸ்தான் போடணும். வேற கம்பெனி லென்ஸ் பழைய மாடல்ல ஓடும், இதுல மக்கர் பண்ணும்" என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். விருந்தாளியிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்பதற்காக ஆட்டிய தலை அது. இருபத்தாறு வருடமாகக் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சப் பனியன் விற்கிறவனிடம் போய்க் கம்பெனி என்கிறீர்களே மச்சான்! ஒரே நூல், ஒரே சாயம், ஒரே டெய்லர் ஒரே நாளில் தைத்த உருப்படி. லேபிளோடு இருந்தால் கப்பல் ஏறுகிறது, லேபிளைக் கத்தரித்தால் என் கடைக்கு வருகிறது. துணியைத் தொட்டால் அதன் எடை நூற்று அறுபது ஜி.எஸ்.எம்மா, நூற்று எண்பதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாங்க வருகிறவன் லேபிளைத்தான் தேடுவான். அவனுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: லேபிளைப் பின்கழுத்தில் வைக்கிறார்கள், அதாவது போட்டவனே பார்க்க முடியாத இடத்தில். அதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஷாஸியாவின் நிலைமை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அவிநாசி ரோட்டுக் கம்பெனியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஆன்லைனில் துணி விற்கிற கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று என் கடையின் மாடிக் குடோனில் ஒரு மேசையும் இரண்டு விளக்கும் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மாதமாகப் போன் கேமராவிலேயே சின்னச் சின்ன வேலைகள். அப்போதுதான் சித்ராதேவி மேடம் வந்தார். குழந்தைத் துணி கம்பெனியில் ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர். போன சனிக்கிழமை ஒரே நாளில் நாற்பது மாடல் துணி எடுக்க வேண்டும், அதில் பத்து மாடல் உயிருள்ள குழந்தை போட்டு அசைகிற மாதிரி இருக்க வேண்டும், படம் பிடித்திருந்தால் இந்த வருடம் முழுக்க அவர்கள் வேலை ஷாஸியாவுக்கு. ஷாஸியா என்னிடம் வந்து, "இது சரியா வரலைன்னா நான் பழைய கம்பெனிக்கே போயிர்றேனுங்கத்தா. என் சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்குதாம்" என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த வேலையை விட வேண்டாம் என்று மூன்று மாதம் முன்பு கத்தியவனும் நான்தான், இப்போது அவள் திரும்பிப் போகக் கூடாது என்று தவிக்கிறவனும் நான்தான். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆகவே லென்ஸ் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் முன்பு பல்லடம் போனேன். அங்கே மருதாசலம் என்று கல்யாண போட்டோ எடுப்பவர் ஒருவர், என்னிடம் பனியன் வாங்குகிறவர். அவரிடம் ஒரு லென்ஸ் சும்மா இருந்தது. உங்கள் கேமரா கம்பெனியின் பழைய கேமராவுக்காக வேறொரு கம்பெனி செய்தது. மனிதர் யோக்கியர், மறைக்கவில்லை. "ஏனுங்க பாய், எங்கட பழைய கேமராவுல பத்து வருசம் ஓடுன லென்ஸுங்க, ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. ஆனா உங்க புதுக் கேமரா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். கேமரா என்ன சொல்வது? நான் சொல்வதைத்தான் அது கேட்க வேண்டும் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

வந்து மாட்டினால் வாய் சேரவில்லை. புதுக் கேமராவின் வாய் பெரிது, லென்ஸின் கழுத்து பழைய அளவு. நடுவில் ஒரு வளையம் போட வேண்டும் என்றார்கள், அதையும் வாங்கினேன். பனியன் கழுத்துக்கு ரிப் பட்டி வைத்துத் தைத்த மாதிரி அம்சமாக உட்கார்ந்தது. நான் ஷாஸியாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் கேமராவை ஆன் செய்தாள். திரையில் 'லென்ஸ் பொருத்தப்படவில்லை' என்று வந்தது. மச்சான், கையளவு லென்ஸ் எதிரே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்துத்தான் நான் கேமராவையே தூக்குகிறேன், அது இல்லவே இல்லை என்கிறது. இப்படி முகத்துக்கு நேரே பொய் சொல்கிறவர்களைக் காதர்பேட்டையில்கூட நான் பார்த்ததில்லை.

கேமரா பழுதுபார்க்கும் யுவன் என்பவனிடம் கொண்டுபோனேன். விவரமான பையன், பொறுமையாக விளக்கினான். "பாய், லென்ஸ் மாட்டுனாப் பத்தாதுங்க, ரெண்டும் பேசிக்கணுங்க. 'நீ யாரு, உன் நம்பர் என்ன'ன்னு கேமரா கேக்கும், லென்ஸ் பதில் சொல்லணும். இந்த வேற கம்பெனிக்காரங்களுக்கு அந்தப் பாஷையை யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. பழைய கேமரா பேசறத ஒட்டுக் கேட்டு அவங்களாக் கத்துக்கிட்டது. அதனால பழைய கேமராவுக்குக் கரெக்டாப் பதில் சொல்லும். புதுக் கேமராவுல கேள்வியையே மாத்திப்போட்டாங்க, இது முழிக்குது. புது மாடல் லென்ஸா இருந்தா கம்ப்யூட்டர்ல மாட்டிப் புது சாப்ட்வேர் ஏத்திக்கலாம். இது பழசுங்க, ஏத்த வழியில்லீங்க. எதுக்கும் லென்ஸுக்குப் பின்னால இருக்கற பித்தளைப் புள்ளிகளை உலர்ந்த துணியில தொடைச்சுப் பாருங்க, சிலது அதுல சரியாகும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முழு விஷயமும் விளங்கிவிட்டது. இது ஆடிட் மச்சான்! நம் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட்டர் கம்பெனிக்கு வருகிறார். சூப்பர்வைசரை நிறுத்தி, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவாய், சம்பளம் எந்தத் தேதி என்று கேட்கிறார். சூப்பர்வைசர் போன வருடத்துக் கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். இந்த வருடம் புது ஆடிட்டர், புதுக் கேள்வி. திருதிருவென்று விழிக்கிறான். அதற்காக அவனை வேலையை விட்டா அனுப்புகிறோம்? முகத்தைக் கழுவி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு மறுபடி நிறுத்துகிறோம். அடுத்த கேள்விக்குத் தானாகப் பதில் வருகிறது. மனிதனுக்கு வருகிற தைரியம் லென்ஸுக்கு வராதா?

முதலில் முகம் கழுவுதல். உலர்ந்த துணி என்றான் யுவன். அவனுக்கு நம் ஊரின் அருமை தெரியவில்லை. பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் எடுக்க இங்கே ஒரு கன் இருக்கிறதே, கெமிக்கலை ஊற்றி விசையை அழுத்தினால் 'சர்' என்று பீய்ச்சிக் கறையைத் துணியின் அந்தப் பக்கம் தள்ளிவிடுமே, அது என் கடைக்கு அடுத்த யூனிட்டில் இருக்கிறது. அதைப் பிடிக்கிற செல்லாத்தாளம்மா, "பாய், இது துணிக்குங்க. இதையெல்லாம் அடிச்சு நான் பாத்ததில்லீங்க" என்று பின்வாங்கினார். கண்ணாடியில் படாமல் பித்தளையில் மட்டும் அடியுங்கள் என்று நான்தான் பிடித்துக் காட்டினேன். பித்தளை பளபளவென்று மின்னியது. கண்ணாடிக்கு ஒரு சேதமும் இல்லை. லென்ஸின் மேல்பக்கத்தில் வெள்ளையாக எழுதியிருந்த எண்களும் அந்தக் கம்பெனியின் பெயரும் மட்டும் காணாமல் போயின. செல்லாத்தாளம்மா கன்னைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாக் கறை எடுத்துட்டோமுங்க" என்றார். நான் பதறவில்லை. மை எங்கும் போகாது, கெமிக்கல் காய்ந்தால் திரும்பி வரும் என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.

பலன் உடனே தெரிந்தது. லென்ஸே இல்லை என்ற கேமரா, இப்போது லென்ஸ் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நான்கு விநாடி இருக்கிறது என்றது, பிறகு இல்லை என்றது, மறுபடி இருக்கிறது என்றது. அந்த நான்கு விநாடியில் லென்ஸ் ஊசி முறிந்த ஓவர்லாக் தையல் மெஷின் மாதிரி 'கிர்ர் கிர்ர்' என்று முன்னும் பின்னும் ஓடி, எதன் மேலும் நிற்காமல் ஓய்ந்தது. ஷாஸியா நெற்றியில் கை வைத்தாள். நான் இதை முன்னேற்றம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது அடையாள அட்டை. லென்ஸ் பெயரில்லாமல் மொட்டையாக வேறு இருக்கிறது. சித்ராதேவி மேடம் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? லேபிள் அடிப்பவரிடம் போய், வழவழப்பான சாட்டின் துணியில் 'ஷாஸியா ஸ்டுடியோ' என்று ஒரு லேபிள் கேட்டேன். "ஒண்ணா? ஒரு லேபிளுக்கு மெஷினை ஓட்டுனா மெஷினே சிரிக்கும் பாய். ஆயிரத்துக்குக் கொறைஞ்சு அடிக்கறதில்லீங்க" என்றார். ஆயிரமே அடியுங்கள் என்றேன். பழக்கதோஷத்தில் பின்பக்கம் 'கையால் துவைக்கவும், முறுக்கிப் பிழியக் கூடாது' என்றும் சேர்த்து அடித்துவிட்டார். அதுவும் நல்ல அறிவுரைதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, ஆயிரத்தில் ஒன்றை எடுத்து லென்ஸின் இடுப்பைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டினேன். பார்க்க அவ்வளவு லட்சணம்.

அன்று மாலையே ஒத்திகை வைத்தோம். மஹ்னூருக்கு மஞ்சள் ஜட்டியும் மேல்சட்டையும் போட்டு மேசையில் உட்கார வைத்தோம். பச்சைக் குழந்தைக்குக் கேமராவும் தெரியாது, ஃபோகஸும் தெரியாது. அது பாட்டுக்கு விளக்கைப் பிடிக்கத் தவழ்ந்தது. லென்ஸ் 'கிர்ர்' என்று பின்னால் ஓடியது, குழந்தை முன்னால் ஓடியது. லென்ஸ் முன்னால் வந்தபோது குழந்தை என் மடியில் இருந்தது. அறுபது படத்தில் ஒரே ஒரு படம் துல்லியமாக விழுந்தது, அதில் தெரிந்தது என் முழங்கை. என் முழங்கையை அவ்வளவு தெளிவாக நானே பார்த்ததில்லை. சரி, தானாக ஃபோகஸ் ஆகாவிட்டால் கையால் வைப்போம், குழந்தை நகராமல் இருந்தால் போதும் என்று யோசித்து, கீழே போய் ஓர் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அதற்குள் மஹ்னூரை இறக்கினேன். பெட்டியில் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டிருக்கும் அல்லவா, அதற்கு நேர் மேலே தலையை நீட்டி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, 'உம்' என்று என்னைப் பார்த்தாள். நான் புருவத்தைத் தூக்கினேன். கலகலவென்று சிரித்தாள். பெட்டி நகரவில்லை, ஆனால் சிரிக்கிற குழந்தை உள்ளே முன்னும் பின்னும் ஆடுகிறதே, அந்த நான்கு விரல் அகல ஆட்டத்திலேயே படம் கலங்கிப் போனது.

ஷாஸியா துணிப்பொதி மேல் உட்கார்ந்துவிட்டாள். மச்சான், நான் எதற்கும் பயப்படாதவன் என்று ஊரில் பெயர். அந்த அரைமணி நேரம் பயந்தேன். பழைய கம்பெனியில் அவள் சீட்டில் அவள் போய் உட்காருவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆனாலும் முகத்தில் காட்டாமல், "பசை இன்னும் காயலம்மா. லேபிள் பிடிக்கட்டும். நாளைக்குக் காலைல பாரு" என்றேன். அவள் லேபிளின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "சரிங்கத்தா" என்று சொல்லிக் கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

சனிக்கிழமை காலை வந்தது. இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். கேமராவைக் கையில் வாங்கினேன். அதே லேபிள், அதே லட்சணம். ஆனால் லென்ஸ் முந்தின நாளைவிடக் கனமாக இருந்தது. பசை பிடித்தால் கனம் கூடுவது இயற்கை. நடுவில் போட்டிருந்த வளையத்தையும் காணோம். கேட்டேன். "இப்ப அது வேண்டியதில்லீங்கத்தா, நேராவே ஒக்காருது" என்றாள் ஷாஸியா. உடம்பு தேறியவன் கைத்தடியைப் போட்டுவிட்டு நடக்கிற மாதிரி என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, லேபிளுக்குப் பக்கத்தில் அழிந்துபோன வெள்ளை எண்கள் திரும்ப வந்திருந்தன! கெமிக்கல் காய்ந்தால் மை திரும்பும் என்று சொன்னேனா இல்லையா? உடனே ஆளனுப்பிச் செல்லாத்தாளம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் லென்ஸைப் பார்த்தார், ஷாஸியாவைப் பார்த்தார், "நீங்க சொன்னா சரிதானுங்க பாய்" என்று போய்விட்டார்.

பத்து மணிக்கு சித்ராதேவி மேடம் வந்தார். படமெடுப்பு ஆரம்பமானது. என்ன சொல்ல மச்சான்! லென்ஸில் சத்தமே இல்லை. குழந்தை எங்கே போனாலும் அதன் கண்ணிலேயே போய் ஃபோகஸ் நின்றது. தவழ்ந்தாலும் நின்றது, உருண்டாலும் நின்றது, மேடத்தின் செருப்பை வாயில் வைக்கப் போனபோதும் நின்றது. விளக்கைப் பார்த்துக் குழந்தை அழ ஆரம்பித்ததும் நான் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து உள்ளே இறக்கி, எதிரே குந்தி உட்கார்ந்து புருவத்தைத் தூக்கினேன். ஒரே சிரிப்பு. அம்புக்குறிக்கு மேலே இரண்டு பல்லோடு அந்தச் சிரிப்பு. மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஷாஸியா, இமை முடி ஒவ்வொண்ணும் தெரியுதேங்க! இந்தப் பொட்டிப் படத்தையே மொதப் பக்கத்துல போட்டுக்கலாமுங்க. இது எந்த லென்ஸுங்க?" என்று கேட்டார். ஷாஸியா தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். ஆகவே நானே பதில் சொன்னேன். வேறு கம்பெனி லென்ஸ்தான் என்றும், பல்லடத்தில் பத்து வருடம் ஓடியது என்றும், கம்பெனிப் பெயருக்கு மயங்குகிறவர்கள் மயங்கட்டும் என்றும், லேபிள் எப்போதும் போட்டவன் பார்க்க முடியாத இடத்தில்தான் இருக்கிறது என்றும் கால்மணி நேரம் பேசினேன். பால் சேர்க்காத டீயோடு வந்து நின்ற உங்கள் அக்கா, சுவரில் இல்லாத ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது மாடலும் சாயங்காலத்துக்குள் முடிந்தன. திங்கட்கிழமை மேடத்திடமிருந்து போன் வந்தது. இந்த வருட வேலை முழுக்க ஷாஸியாவுக்குத்தான். அவள் போனை வைத்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கல்யாண வயசுப் பெண், ஆறாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் அப்படிச் செய்தாள். அந்த நேரத்திலும் நிதானம் தவறாமல், "எல்லாம் லேபிள் பிடிச்சதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே மச்சான், அனுபவத்தில் சொல்கிறேன். பழைய லென்ஸ் புதுக் கேமராவில் சேராது என்பது வாங்க வைப்பதற்காகச் சொல்வது. முகம் கழுவி, பெயர் கொடுத்து, ஓர் இரவு ஆறப்போட்டால் எதுவும் சேரும். யுவனிடமும் இதைச் சொன்னேன், அவன் தன் தொழிலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டான், முகம் வாடிவிட்டது. உங்களுக்காக மருதாசலத்திடம் இன்னொரு பழைய லென்ஸும் சொல்லி வைத்திருக்கிறேன். லேபிள் இங்கே தாராளமாக இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும்.

மழைக்காலமானாலும் நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்தால் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறோம். கடையில் வியாபாரம் மிதம். உங்கள் அக்கா தன் ஸலாமையும், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியும், பாரம் தூக்க வேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள். மஹ்னூர் கடிதத்தின் இந்த மூலையைக் கடித்திருக்கிறாள், அதை அவளுடைய முத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், இடுப்பில் பலத்தையும், போகும் பாதையில் நல்ல துணையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
நீங்கள் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டிய உங்கள் மச்சான்,
ராஜா முகமது.

பின்குறிப்பு: படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கடிதத்தை ஷாஸியாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டு படித்தவள் நான்காம் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆறாம் பக்கத்தில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். முடித்துவிட்டு, "இத மாமாவுக்கு அனுப்ப வேண்டாங்கத்தா" என்றாள். ஏனம்மா, மாமாவுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். "மாமாவுக்குத் தெரியுங்கத்தா" என்றாள். எழுந்து போய்ப் பால் பவுடர் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் திறந்தாள். உள்ளே, மஹ்னூரின் பழைய ஜட்டியில் சுற்றி, பல்லடத்து லென்ஸ் படுத்திருந்தது. எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, லேபிளும் இல்லை. பசைத் தடம் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை வந்த அந்த டப்பாவுக்குள் கம்பெனி லென்ஸை வைத்து அனுப்பியது நீங்கள்தானாமே! நான் பல்லடம் போய் வந்த அன்றே ஷாஸியா உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டாளாம். உங்கள் அக்காவுக்கும் தெரியுமாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் ஷாஸியாதான் என் லேபிளைச் சுடுதண்ணீர் ஆவியில் காட்டி, ஒரு நூல் பிசிறாமல் உரித்து, அந்த லென்ஸில் ஒட்டினாளாம். காதர்பேட்டைக்காரன் மகள்! இருபத்தாறு வருடமாக லேபிளைப் பார்க்காதே என்று ஊருக்குச் சொன்ன நான், கனம் மாறியும், வளையம் போயும், எண் திரும்பியும், லேபிளை மட்டும் பார்த்து ஏமாந்தேன். எனக்குக் கோபம் வந்தது. "'அத்தா, உங்க லென்ஸ் வேண்டாங்க'ன்னு நேராச் சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். அவள் சொன்னாள்: "வேண்டாம்னா கோவிச்சுக்கிட்டு நீங்க அன்னைக்கு மாடிக்கே வந்திருக்க மாட்டீங்கத்தா. நீங்க வராம இருந்தா பாப்பாவ யாரு சிரிக்க வெக்கறது?"

மருதாசலத்துக்குப் போன் செய்து உங்களுக்காகச் சொல்லி வைத்த லென்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யுவனிடம் சொன்னதை வாபஸ் வாங்க நாளை நேரிலேயே போகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன், ஷாஸியா விடவில்லை, அவளே அனுப்புகிறாள். ஆகவே மேலே எழுதியதில் ஸலாமும் துஆவும் அட்டைப்பெட்டியும் மட்டும் செல்லும், மற்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். லேபிள் மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இருக்கிறது, இனி அவள் வாங்கப்போகும் ஒவ்வொரு லென்ஸுக்கும் என் கையால் ஒட்டுவேன், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. கடைசியாக ஒன்று மட்டும் தெரிய வேண்டும் மச்சான். அந்த டப்பாவில் முதலில் இருந்த நானூறு கிராம் பால் பவுடரை என்ன செய்தீர்கள்? குடித்திருந்தால் அடுத்த மாதம் வரும்போது வேறொன்று வாங்கி வாருங்கள். சீல் உடைக்காமல்.